பக்கத்தில் அமர்ந்த ஆசான்

நாட்டியப் பேரரசி பாலசரஸ்வதியின் பெயரை அறியாதவர் நம்முள் அரிது. அவருக்கு மிருதங்கம் வாசித்த தம்பியார் தி. ரங்கநாதனை நம்மிற் பலர் அறியோம்.

1925ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்த இவர் வீணை தனம்மாளின் பேரர். பாடகி ஜயம்மாளின் புதல்வர். பெண்கள் பேணி வளர்த்த இசை இவருக்குத் தாய்வீட்டுச் சொத்து. மிருதங்கத்தைப் பழனி சுப்பிரமணியபிள்ளையிடம் கற்றார். 1962இல் தமக்கையாருடன் அமெரிக்கா சென்று வாசித்தார். மறு ஆண்டு அங்குள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார்.

நம் சங்கீதத்தைக் கேட்டறியாத மாணவருக்கு ஆதிதாளத்தைக் கையாற் போட்டுக்காட்டி, சொற்கட்டை வாயாற் சொல்லவைத்துப் பாடத்தைத் தொடங்குவதே நம் மரபு. அம்மரபை அவர் அந்நிய மண்ணிலும் நிலைபெறச் செய்தார். இல்லத்தில் வாழ்ந்த வித்தை பல்கலைக்கழகப் பாடமாயிற்று.

1987இல் அவர் மறைந்தார். அவரிடம் பயின்ற டேவிட் நெல்சன் பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார்.

மேடையில் நடுவிடம் பக்கவாத்தியக்காரருக்கு உரியதன்று. ஆசிரியருக்கோ மாணவரின் கைகளே மேடை. நமக்கு எழுத்தறிவித்தவர்களை நன்றியோடு நினைக்கும் இந்நூற்றாண்டில், இவரையும் நினைந்து வணங்குவோம்.