டி மாய்வர்

பிரான்சு நாட்டில் 1667ஆம் ஆண்டில் தோன்றியவர் ஆபிரகாம் டி மாய்வர். சமயக் கொடுமைக்கு ஆளாகி, இளமையிலேயே தாய்நாடு துறந்து இலண்டன் மாநகர் புகுந்தார். வறுமையுற்ற அவர், வீடுதோறும் சென்று கணிதம் கற்பித்தே வாழ்ந்தார். பல்கலைக்கழகப் பதவி இறுதிவரை கிட்டிற்றில்லை. எனினும் ஊக்கம் குன்றினாரல்லர்.

நாணயத்தை 100 முறை சுண்டினால் தலை 50 முறை விழும் என எதிர்பார்ப்போம். உண்மை எண்ணிக்கை அதனின்று எத்துணை விலகும்? இத்தகைய வினாவிற்கு 1733ஆம் ஆண்டில் அவர் விடை கண்டார். அவர்தம் முறைப்படி, அவ்வெண் 40க்கும் 60க்கும் இடையே அமையும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 95 ஆகும். சோதனைகளை நான்கு மடங்காக்கினால் சராசரியின் நுட்பம் இரு மடங்கே பெருகும் என்பதும் அதனால் விளங்கிற்று. இன்று இயல்நிலைப் பரவல் என வழங்குவதற்கு அதுவே வித்தாகும்.

1754ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பதவி தாராத பெருமையை அவருக்குக் கல்வி தந்தது.