காசை எறிந்தவர், குண்டூசியை எறியவில்லை

சிக்கனம் என்றாலே கஞ்சத்தனம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை அறிய, திருவண்ணாமலை ரமணரின் வாழ்க்கையில் ஒரு பகுதியைப் பார்ப்போம். அவருடைய கொள்கை வேறு, நம் மார்க்கம் வேறு. அந்த விவாதத்திற்கு நாம் வரவில்லை. அவர் தம் கையால் செய்த வேலைகளே இங்கு விஷயம்.

1879இல் திருச்சுழியில் பிறந்தவர். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயதில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென வீட்டில் கொடுத்த 5 ரூபாயில், ரயில் செலவுக்கு 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வைத்துவிட்டுக் கிளம்பியவர். வழிச்செலவு போக எஞ்சிய காசையும் இவ்வூர் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். இப்படிக் காசை எறிந்தவர்தாம், பிற்காலத்தில் பத்திரிகைக் கட்டில் வரும் குண்டூசியைக் கூட எறிய விடாமல் எடுத்து வைத்தார்!

மலைக்குகையில் வாழ்ந்த நாட்களில் உடுத்திய துணி கிழிந்தது. ஊசி நூல் கேட்டால் யாரும் தந்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. முள்ளை ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூலை உருவித் தாமே தைத்துக்கொண்டார். பிச்சையில் உப்பு கிடைக்காத நாளில் உப்பில்லாமலே கஞ்சி குடித்தார்கள். இன்று உப்பு கேட்டால், நாளை பருப்பு கேட்கத் தோன்றும் என்பது அவர் எண்ணம்.

1922இல் தாயார் மறைந்தபின் மலையடிவாரத்தில் ஆசிரமம் உண்டாயிற்று. காணிக்கை வந்தது, வேலைக்கு ஆட்களும் வந்தார்கள். ஆனாலும் விடியுமுன் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். காய் நறுக்குவார், துவையல் அரைப்பார், தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்குவார். சமையல்காரர்கள் ஒதுக்கிய கத்திரிக்காய்க் காம்புகளைப் பட்டாணியோடு சேர்த்து ஒரு கறியே ஆக்கிவிட்டார். முதல் நாள் மிஞ்சியதைத் தொடக்கூடாது என்று ஆசாரம் பேசியவர்கள் அங்கே இருந்தார்கள். அவரோ அதையே சூடாக்கிக் காலை உணவுக்குச் சேர்ப்பார். (வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவி வைத்தாலே ஆண்மை குறைந்துவிடும் என்று அஞ்சும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள் என்பதை நாம் நினைவூட்டத் தேவையில்லை.)

நாம் விளங்கிக்கொள்வது இது: குளத்தில் எறிந்தபோது அந்தக் காசு அவர் ஒருவருடையது. ஆசிரமத்துக்கு வந்ததோ பிறர் வியர்வை சிந்தித் தந்த அமானிதம். நம் வீட்டுச் சம்பளத்திலும் மனைவி மக்களின் ஹக்கு இருக்கிறதல்லவா?

1930களின் பிற்பகுதியில் அடுப்படி வேலையை நிறுத்தினார். காகித வேலையை விடவில்லை. அச்சகத்திலிருந்து வரும் தாள்களில் எழுதாத பக்கங்களைச் சேர்த்துத் தைத்து நோட்டுப் புத்தகமாக்குவார். கிழிந்த நூல்களுக்குத் தாமே அட்டை கட்டுவார். 1950 ஏப்ரல் 14இல் அவர் மறைந்தார். அவர் கையால் கட்டிய புத்தகங்கள் அங்கே மிஞ்சின.