முத்துலட்சுமி அம்மையார்

தொண்டைமான் மன்னர் ஆண்ட புதுக்கோட்டையில் 1886 ஆம் ஆண்டு பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பது அரிதாயிருந்த காலம் அது. எதிர்ப்பைப் பொருட்படுத்தாது மன்னர் இசைவளிக்க, ஆடவர் கல்லூரியில் பயின்றார். 1912 ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பிறர் நோய் தீர்த்த அவ்வம்மையார்க்கு இல்லத்திலேயே ஒரு சோதனை வந்தது. அருமைத் தங்கையைப் புற்றுநோய் பற்றியது. கற்ற கல்வி கைகொடுக்கவில்லை. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை தென்னாட்டில் அன்று இல்லை. உடன்பிறந்தாள் வருந்தி மாய்வதை அருகிருந்து கண்டார். மருத்துவர்க்கு இதனினும் கொடிய துன்பம் உண்டோ?

அழுது ஆறியிருக்கலாம், அம்மையார் ஆறவில்லை. தங்கைக்குக் கிட்டாத மருத்துவம் பிறர்க்கேனும் கிட்ட வேண்டும் என்று உறுதி பூண்டார். 1935 ஆம் ஆண்டு, தாம் பயின்ற மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனையின் தேவையை எடுத்துரைத்தார். பயன் உடனே விளையவில்லை. தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று வினவினோரும் உளர். அம்மையார் தளராது பொருள் திரட்டினார். 1952 ஆம் ஆண்டு, தமது 66 ஆம் வயதில், அடையாற்றில் நேரு அடிக்கல் நாட்டக் கண்டார். 1954 ஆம் ஆண்டு 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்ற முன்வந்த மருத்துவர்களுள் ஒருவர் அம்மையாரின் மைந்தர் கிருஷ்ணமூர்த்தி.