வில்லியம் ஹோகார்த்

ஒரு காலத்தில் ஓவியக் கலை பெரும்பாலும் அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் குடிகொண்டிருந்தது. அதனைப் பொதுமக்களின் கண்முன் கொண்டு வந்தோருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹோகார்த் ஆவார்.

இவர் 1697-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். இவருடைய தந்தையார் ரிச்சர்டு, இலத்தீன் மொழியில் வல்ல ஆசிரியர். ஆயினும், அக்கல்வி அவருக்குப் பொருள் ஈட்டித் தரவில்லை. அவர் காப்பிக்கடை ஒன்று நடத்தினார், அதுவும் நொடித்தது. கடனைத் தீர்க்க இயலாமையால் அவர் பிளீட் சிறையில் அடைக்கப்பட்டார். கடனும் வறுமையும் ஒரு குடும்பத்தை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதை ஹோகார்த் இளமையிலேயே கண்டறிந்தார்.

பின்னர், வெள்ளிக் கலங்களில் சித்திரம் செதுக்கும் எல்லிஸ் கேம்பிள் என்பாரிடம் தொழில் பயின்றார். அச்சோவியம் ஆக்குவதிலும் தேர்ச்சி பெற்றார். செப்புத் தகட்டில் படத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, கோடுகளில் மை நிரப்பி, ஈரத்தாளை அதன்மேல் வைத்து அழுத்தினால் அச்சோவியம் கிடைக்கும். ஒரு தகட்டினின்று நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். ஆதலின் விலையும் குறைவு. அவற்றுள் இரண்டை இணையாகச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் அழகுற மாட்டுதலும் உண்டு.

1732-இல் இவர் வெளியிட்ட ஆறு படங்களின் வரிசை பெரும்புகழ் எய்தியது. ஆனால், வணிகர் சிலர் அவற்றைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்து விற்று ஆதாயம் அடைந்தனர். ஹோகார்த் வாளா இருந்தாரல்லர். பிற கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் முறையிட்டார். அதன் பயனாக, அச்சோவியம் ஆக்கியோர்க்கு 14 ஆண்டுகள் உரிமை வழங்கும் சட்டம் 1735-இல் பிறந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அவர் தம் அடுத்த படவரிசையை வெளியிடாது காத்திருந்தார்.

அந்நாளில் ஜின் என்னும் கடுஞ்சாராயம் இலண்டன் ஏழை மக்களைச் சீரழித்தது. அக்கொடுமையைக் கண்ட ஹோகார்த், 1751-இல் 'ஜின் சந்து', 'பீர் வீதி' என்னும் இரட்டை ஓவியங்களை வெளியிட்டார். முதற்படத்தில் வீடுகள் இடிந்து விழுகின்றன. போதையில் மூழ்கிய தாயின் கையினின்று குழந்தை நழுவி வீழ்கிறது. தச்சன் தன் வாளையும், இல்லத்தரசி தன் சமையற்கலத்தையும் அடகு வைக்கின்றனர். அடகுக்கடையோ செழித்து விளங்குகிறது! இரண்டாம் படத்திலோ மக்கள் நல்லுடலோடு தத்தம் தொழில் புரிகின்றனர். அடகுக்கடைக்காரன் வீடு மட்டுமே பாழடைந்து நிற்கிறது. முதற்படத்தைத் தனியே கண்டால் இரக்கம் தோன்றும். இரண்டையும் ஒருங்கே கண்டால் பிறர் கேட்டினால் வாழ்பவன் யார் என்பதும் விளங்கும். பீரும் மதுவே. அக்கால மக்கள் அதனை உரமளிக்கும் பானமாகக் கருதினர். இக்கால மருத்துவர் அக்கருத்தை ஏற்பதில்லை.

படம் ஒன்றின் விலை ஒரு சில்லிங். கூலியாளுக்கு அதுவும் சிறு தொகையன்று. ஆயினும், விலை கொடுத்து வாங்க இயலாதோரும் கடைச் சாளரங்களில் இத்தகைய படங்களைக் கண்டனர். எழுத்தறியாதாரும் அவற்றின் பொருளை உணர்ந்தனர். ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. அதற்காகக் குரல் எழுப்பிய பலருள் ஹோகார்த்தும் ஒருவர்.

மக்கட்பேறு இல்லாத இவர், கைவிடப்பட்ட குழந்தைகளைக் காக்க இலண்டனில் தோன்றிய இல்லத்திற்குப் பெருந்துணை புரிந்தார். 1764-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இயற்கை எய்திய இவருடைய உடல் சிசிக் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. சுவரை அழகு செய்யும் படமும் மக்களின் துயரைப் பேசவல்லது என்பதற்கு இவர் ஆக்கிய இரட்டை ஓவியங்கள் இன்றும் சான்றாய் விளங்குகின்றன.