முருகைக்கல்லைத் தேடிய மியூசியம் துரை

சென்னைக்குப் போய்வரும் சித்தூர், திருப்பதித் தமிழர்கள் எழும்பூர் மியூசியத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். பழைய சென்னைவாசிகள் அதற்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. அந்தச் செத்த காலேஜை 1885 முதல் 1908 வரை கட்டி ஆண்டவர் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். அப்போது திருப்பதியும் சித்தூரும் சென்னை ராஜதானியின் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தன. ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான். ஆகவே அது நம் ஊராருக்கும் சொந்த மியூசியமாகவே இருந்தது.

தர்ஸ்டன் 1855-ல் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வைத்தியம் படித்தார். மனநோய் மருத்துவமனை ஒன்றில் சில காலம் வேலை பார்த்தபின், முப்பதாவது வயதில் மியூசியம் சூப்பரின்டெண்டாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி ரங்காச்சாரியுடன் சேர்ந்து அவர் எழுதி 1909-ல் வெளிவந்த ஏழு தொகுதிகளால்தான் இன்று பலரும் அவரை அறிவார்கள். அதற்காக அவர் மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். அந்த அளவுகளைக் கொண்டு மனிதர்களைத் தரம் பிரிக்க முயன்ற சாஸ்திரம் பிற்காலத்தில் தள்ளுபடியாயிற்று. அது நியாயமே.

ஆனால் மனிதர்களை அளப்பதற்கு முன்பே அவர் கடலுக்குப் போயிருந்தார். அந்த வேலை வீண் போகவில்லை.

அந்நாளில் ரயில் மதுரை வழியாகத் தூத்துக்குடி வரைதான். பாம்பன் பாலம் வந்தது 1914-ல். திருப்பதியிலிருந்து ராமேசுவர யாத்திரை போனவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காலத்தில் தர்ஸ்டன் தூத்துக்குடிக்கும் ராமேசுவரம் தீவுக்கும் சென்று, மன்னார் வளைகுடாவின் சிப்பி, சங்கு, கடற்பஞ்சு, நட்சத்திர மீன், பவளம் எல்லாவற்றையும் சேகரித்தார். தூத்துக்குடி முத்துக்குளிப்பையும் ஆராய்ந்தார். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது குளியாளிகளுக்கும் மீனவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். துரை அதைக் காகிதத்தில் ஏற்றினார்.

தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும் நல்ல பழக்கம் அவரிடம் இருந்தது. கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டிக்கும், நட்சத்திர மீன் வகைகளை ஜெஃப்ரி பெல்லுக்கும் அனுப்பினார். நண்டு, இறால் வகைகளைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஹெண்டர்சன் ஆராய்ந்தார். 1890-லும் 1895-லும் தர்ஸ்டனின் மன்னார் வளைகுடா நூல்கள் வெளியாயின.

ராமேசுவரம் பக்கத்தார் முருகைக்கல் என்று சொல்லும் பவளப் பாறை வெறும் கல் அல்ல. கடுகளவு, மிளகளவு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி வாழ்ந்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியவைத்துக் கட்டிய வீடு அது. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் சாப்பாடும் நிறமும் தருகிறது. கடல் அளவு மீறிச் சூடேறினால் பாசி வெளியேறுகிறது, பவளம் வெளுத்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இப்படி நேர்ந்தது.

தர்ஸ்டன் தந்தது பெயர்ப் பட்டியல்தான். எவ்வளவு பரப்பில் பவளம் உயிரோடு இருந்தது என்ற கணக்கு அதில் கிடையாது. பிற்கால ஆய்வாளர்களுக்கு இது பெரிய குறை. 2003 முதல் 2005 வரை தூத்துக்குடி ஆய்வாளர்கள் நீரில் மூழ்கி, பாறைமேல் அளவு நாடாவை விரித்து, உயிருள்ளது எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று அளந்தார்கள். 117 பவள இனங்களைக் கண்டார்கள்.

சென்னை மெரீனாவில் கடல்மீன் காட்சிசாலை வைக்கத் திட்டமிட்டவரும் தர்ஸ்டனே. அது 1909-ல் திறந்தபோது அவர் பதவியில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. தர்ஸ்டன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போய், அங்குள்ள மரஞ்செடிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்து, 1935-ல் காலமானார்.

அவருக்குப் பின் நெடுங்காலம் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் முருகைக்கல்லை வெட்டினார்கள். வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001-ல்தான்.