ஆயுதம் ஏந்துவோரும் புனித சவேரியாரும்

டிசம்பர் 3ஆம் நாள் தாய்த் திருச்சபை புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளைச் சிறப்பிக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அவர் அந்நியர் அல்லர். நம் மண்ணின் குருக்களை உருவாக்கும் கொழும்புத்துறைக் குருமடம் அவரது பெயரையே தாங்கி நிற்கின்றது. கடல் கடந்து வந்து நற்செய்தி அறிவித்தவர், இறந்த பின்னும் உடல் அழியாதிருந்தவர் என்றே அவரைப் பற்றிச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கின்றோம். ஆயினும் அவரது வாழ்வின் மற்றொரு பக்கத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. படைவீரர்களின் நடுவே வாழ்ந்து, அவர்களின் ஒழுக்கத்தைக் குறித்து ஓயாது போராடியவர் அவர். அந்தப் போராட்டம் நல்லூரில் அரசிருந்த மன்னன் வரைக்கும் எட்டியது.

யோர்தான் நதிக்கரையிலே திருமுழுக்கு யோவானிடம் படைவீரர் சிலர் வந்து, தாங்கள் செய்ய வேண்டியது யாது என வினவியதை லூக்கா நற்செய்தியாளர் எழுதி வைத்துள்ளார். படைத்தொழிலை விட்டுவிடுமாறு யோவான் அவர்களுக்குக் கூறவில்லை. எவரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்கலாகாது, எவர்மீதும் பொய்க் குற்றம் சுமத்தலாகாது, தமக்குரிய ஊதியம் போதுமென்று இருக்க வேண்டும் என்னும் மூன்று நெறிகளையே விதித்தார். ஆயுதம் இல்லாதவன் முன்னிலையில் ஆயுதம் உள்ளவன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதே இம்மூன்றுக்கும் அடிப்படை. சவேரியார் தம் காலத்துத் தளபதிகளிடம் எதிர்பார்த்ததும் இதனையே.

அவர் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நவார் இராச்சியத்திலே, சவியேர் கோட்டையில் பிறந்தார். அவரது தந்தை அந்த நாட்டு அரச ஆலோசனைச் சபையின் தலைவராய் இருந்தவர். 1512இல் காஸ்தீல் படைகள் நவாரைக் கைப்பற்றின. இழந்த நாட்டை மீட்கச் சவேரியாரின் தமையன்மார் போரிட்டனர். அதற்குத் தண்டனையாக 1516இல் அக்குடும்பத்தின் கோட்டை மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. பத்து வயதுச் சிறுவன் பிரான்சிஸ் தன் வீடு படையினரால் தகர்க்கப்படுவதைக் கண்டு வளர்ந்தவன். வீடிழந்து நிற்பது எத்தகையது என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் துயரைச் சவேரியாரும் அறிந்திருந்தார்.

1521இல் பம்பலோனாக் கோட்டையைக் காஸ்தீலின் சார்பிலே காத்து நின்ற ஒரு வீரர் பீரங்கிக் குண்டினால் காலில் காயமுற்று வீழ்ந்தார். அவரே பின்னாளில் புனித இஞ்ஞாசியார் ஆனவர். அந்தப் போரில் சவேரியாரின் தமையன்மார் எதிரணியில் நின்றனர். எட்டு ஆண்டுகளின் பின்னர், 1529இல், பாரிஸ் நகரத்துப் புனித பார்பரா கல்லூரியில் இஞ்ஞாசியாரும் சவேரியாரும் ஒரே அறையில் தங்க நேர்ந்தது. பகைவராய் இருந்திருக்க வேண்டியவர்கள் நண்பராயினர். 1534ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் மொன்மார்த்ர் குன்றிலே, தோழர் சிலருடன் சேர்ந்து இறைவனுக்கு வாக்குறுதி அளித்தனர். இயேசு சபையின் வித்து அன்றே ஊன்றப்பட்டது.

1541ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், தம் முப்பத்தைந்தாவது பிறந்தநாளிலே, சவேரியார் லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். போர்த்துக்கேய ஆளுநராகப் பதவியேற்கவிருந்த மார்த்தீன் அபோன்சோ தே சூசாவும் அதே கப்பலில் வந்தார். திருத்தந்தையின் தூதர் என்ற உயர்நிலை சவேரியாருக்கு இருந்தும், அவர் நோயுற்ற மாலுமிகளோடும் சிப்பாய்களோடுமே நாட்களைக் கழித்தார். 1542 மே 6ஆம் நாள் கோவாவை அடைந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். அவர்களுக்கு நற்செய்தியைக் கற்பிக்க அவர் தமிழில் செபங்களை மனனம் செய்தார்.

1544ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வடுகர் படைகள் குமரிமுனைப் பகுதியைச் சூறையாடின. மக்கள் கடலோரப் பாறைகளுக்கு ஓடி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் வாடினர். செய்தியறிந்த சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். காற்று எதிர்த்து வீசிற்று. எட்டு நாட்கள் முயன்றும் கரைசேர இயலவில்லை. திரும்பி வந்தவர், மீண்டும் தரைவழியே நடந்து அம்மக்களிடம் சென்றார்.

எதிரியின் கொடுமையைக் காட்டிலும் அவரது நெஞ்சைப் புண்படுத்தியது சொந்தத் தரப்பினரின் கொடுமையே. மக்களைக் காக்கவென்று தூத்துக்குடியில் இருந்தவர் கொஸ்மே தே பைவா என்னும் போர்த்துக்கேயத் தளபதி. அவர் காவலைக் காட்டிலும் குதிரை வணிகத்திலும் பொருள் சேர்ப்பதிலுமே கண்ணாயிருந்தார். போர்த்துக்கேயர் ஒருவர் அப்பகுதி மன்னனின் பணியாள் ஒருவனைப் பிடித்துச் சிறை கொண்டு சென்றபோதும் சவேரியார் வெகுண்டெழுந்தார். தம்மவருக்கு இழைக்கப்பட்டால் அநீதி என்போமாயின், பிறருக்கு நாம் இழைப்பதும் அநீதியே என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

அதே ஆண்டு செப்டெம்பரில் அந்தத் தளபதியே தாக்கப்பட்டார். அவருடைய மரக்கலமும் வீடும் எரிக்கப்பட, அவர் தீவுகளுக்குத் தப்பியோடினார். சவேரியார் அவரது வீழ்ச்சியில் மகிழ்ச்சி கொள்ளவில்லை. தம் தோழரான மான்சில்லாசுக்கு உடனே மடல் எழுதி, தோணிகளில் குடிநீரும் உணவும் கொண்டுபோய்த் தளபதியையும் உடனிருந்தோரையும் காக்குமாறு பணித்தார். ஆனால் இரக்கம் காட்டியதனால் நீதியை அவர் மறந்துவிடவுமில்லை. சில மாதங்களின் பின் எழுதிய மடலில், அத்தளபதி இக்கரையிலே செய்த கொள்ளைகளுக்கும் அவரது பேராசையால் விளைந்த உயிரிழப்புகளுக்கும் மனச்சான்றின்படி ஈடுசெய்ய உதவுமாறு மான்சில்லாசைக் கேட்டுக்கொண்டார். தவறாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்காமல் செய்யும் மனத்தாபம் நிறைவுறாது என்பது அவரது உறுதி. சீருடை அணிந்தவர் என்பதற்காக எவருக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை.

அவ்வாண்டின் இறுதியில்தான் நம் வரலாற்றின் கொடிய நிகழ்வு மன்னாரிலே நடந்தேறியது. அக்காலத்தில் மன்னார் யாழ்ப்பாண இராச்சியத்துக்கு உட்பட்டிருந்தது. மன்னார் மக்கள் தங்களுக்குத் திருமுழுக்கு அளிக்குமாறு சவேரியாரை அழைத்தனர். தாம் போக இயலாத நிலையில் அவர் ஒரு குருவை அனுப்பி வைத்தார். புதிய மறையைத் தழுவுவது போர்த்துக்கேயருக்குப் பணிவதாகும் எனச் சங்கிலி மன்னன் அஞ்சினான். தன் நாட்டின் இறைமையைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் ஓர் அரசனுக்கு இயல்பானதே. ஆனால் அதற்கு அவன் தேர்ந்த வழி, ஆயுதமற்ற குடிமக்கள் ஏறக்குறைய 600 பேரை வெட்டிக் கொல்வதாக இருந்தது. ஆணையிட்டவன் ஒருவன், வாளை ஓங்கிய கைகள் பல. அந்தப் படைவீரரின் பெயர்களை வரலாறு காத்து வைக்கவில்லை. கொல்லப்பட்டோரை மன்னார்த் திருச்சபை இன்றும் தோட்டவெளியிலே வேதசாட்சிகளாக நினைவுகூர்கின்றது.

செய்தி கேட்ட சவேரியார் துயரத்தில் ஆழ்ந்தார். போர்த்துக்கேய ஆளுநரிடம் நீதி கோரினார். சங்கிலிக்கு எதிராகப் படை அனுப்ப ஆளுநர் இசைந்தார். மன்னனை அகற்றி, கிறிஸ்தவராக விரும்பிய அவனது சகோதரனை அரியணையில் அமர்த்துவது நோக்கமாயிருந்தது. ஆளுநரின் கடுஞ்சினத்தைத் தாமே தணிக்க வேண்டியிருந்ததையும் சவேரியார் 1545 ஜனவரியில் எழுதிய மடலில் குறித்துள்ளார். எனினும் படையெடுப்பை அவர் விரும்பியே நின்றார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. புனிதரும் தம் காலத்தின் மனிதரே. அப்பாவிகளின் இரத்தத்துக்கு நீதி கேட்டது சரியே. ஆனால் எத்தகைய கைகளிடம் அந்த நீதியை ஒப்படைத்தார் என்பதை அடுத்த சில வாரங்கள் அவருக்கே காட்டின.

படை திரள வேண்டிய இடம் நாகபட்டினம். 1545இன் தொடக்கத்தில் சவேரியார் அங்கு சென்று காத்திருந்தார். அவ்வேளையில் பெகுவிலிருந்து பெருஞ்செல்வத்துடன் வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையிலே தரைதட்டியது. மன்னன் அதன் சரக்குகளைக் கைப்பற்றிக்கொண்டான். அச்சரக்குகளை மீட்கும் வரை மன்னனோடு பகைத்துக்கொள்ள அதிகாரிகள் விரும்பவில்லை. படையெடுப்பு கைவிடப்பட்டது. இறந்தோரின் குருதியை விடக் கப்பலின் சரக்கு கனமாய்ப் போயிற்று. ஊதியம் போதுமென்று இருக்குமாறு யோவான் ஏன் படைவீரருக்குக் கூறினார் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது. பொருளாசை புகுந்த இடத்தில் ஆயுதம் யாருக்கும் காவலாய் இருப்பதில்லை. சவேரியார் மயிலாப்பூர் சென்று, புனித தோமாவின் கல்லறையருகே செபத்தில் நாட்களைக் கழித்தார். அதன்பின் எந்தப் படையின் துணையும் நாடாமல் மலாக்கா நோக்கிப் புறப்பட்டார்.

1546இல் அம்போன் தீவிலே அவரை மற்றொரு காட்சியில் காண்கின்றோம். போர்த்துக்கேயருக்குப் போட்டியாக வந்து தோல்வியுற்ற ஸ்பானியக் கப்பற்படையினர் நோயுற்று அங்கே தங்கியிருந்தனர். சவேரியார் அவர்களுக்குப் பணிவிடை செய்தார். அவர்களின் தளபதி வில்லலோபோஸ் உயிர் துறந்தபோது அருகிலிருந்து ஆறுதல் அளித்தார். காயமுற்றவனும் நோயாளியும் எந்தக் கொடியின் கீழ் வந்தவர் என அவர் வினவவில்லை.

முத்துக்குளித்துறையில் அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்ந்தவர்களுள் ஒருவர் அருள்தந்தை அந்தோனி கிரிமினாலி. வேதாளையில் இருந்த போர்த்துக்கேயர் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரின் வழியை மறித்து வரி பறித்தனர். அதனால் சினமுற்ற வடுகர் படை 1549இல் திரண்டு வந்தது. வரி பறித்த தளபதியும் அவரது வீரரும் தோணிகளில் ஏறித் தப்பினர். ஆயுதமேதும் இல்லாத கிரிமினாலி பெண்களையும் பிள்ளைகளையும் தோணியேற்றுவதற்காகக் கரையிலேயே நின்று, ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். தன் காவலில் உள்ளவர்களை விட்டு ஓடாமையே வீரம் என்றால், அன்று வேதாளையில் வீரராய் நின்றவர் அவரே.

சவேரியாரின் இறுதி ஆண்டிலும் ஒரு தளபதியே அவருக்குத் தடையாய் நின்றார். 1552இல் சீனாவுக்குச் செல்லவிருந்த தூதுக்குழுவை மலாக்காவின் தளபதி ஆல்வாரோ தே அத்தாயிதே தடுத்து நிறுத்தினார். தூதுக்குழு இன்றியே புறப்பட்ட சவேரியார், 1552 டிசம்பர் 3ஆம் நாள், சீனக் கரைக்கு எதிரேயுள்ள சன்சியான் தீவில் உயிர் நீத்தார். 1622 மார்ச் 12ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

சவேரியார் அன்று கேட்ட படையெடுப்பு பின்னர் வேறு வடிவில் வரவே செய்தது. 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கினர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிக் கத்தோலிக்க மறையைத் தடைசெய்தனர். வாளின் நிழலில் எழுந்தவை வாளோடு வீழ்ந்தன. ஆனால் 1687இல் புனித யோசேப் வாஸ் அடிகள் ஏழையின் கோலத்தில் இந்நாட்டுக்கு வந்து, யாழ்ப்பாணத்திலே மறைவாக வீடு வீடாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அவருக்கு ஒரு சிப்பாயின் துணையும் இருக்கவில்லை. நம் முன்னோரின் விசுவாசம் நிலைத்தது அவ்வாறே.

அன்பானவர்களே, மன்னாரின் அழுகுரல் பழங்கதை என்று நாம் எண்ண முடியாது. 1995 யூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்திலே அடைக்கலம் புகுந்திருந்தோர் விமானக் குண்டுவீச்சில் மாண்டதை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. போரிலும் குடிமக்கள் காக்கப்பட வேண்டுமென 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை விதிக்கின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல், நாட்டின் பாதுகாப்புக்காக நேர்மையுடன் பணியாற்றும் படைவீரரை மதித்துப் போற்றியது. ஆனால் மக்களை அழிக்கப் பணிக்கும் ஆணைக்குக் கண்மூடிக் கீழ்ப்படிந்தோர் அதனையே காரணங்காட்டித் தப்ப முடியாது என்றும் அதே சங்கம் தெளிவுபடுத்தியது. எந்தச் சீருடைக்கும், எந்தக் கொடிக்கும், எந்த இலட்சியத்துக்கும் இதில் விதிவிலக்கு இல்லை.

நம் பிள்ளைகளுக்கு வீரக்கதைகள் சொல்லும்போது, எத்தனை பேரை வென்றான் என்பதோடு, கையில் ஆயுதம் இருந்தும் எவரைத் துன்புறுத்தாமல் விட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். பகைவனின் காயத்தைக் கட்டியவனையும், தகாத ஆணையை மறுத்தவனையும், பறித்ததைத் திருப்பிக் கொடுத்தவனையும் வீரரென்று போற்றக் கற்பிப்போம்.

புனித பிரான்சிஸ் சவேரியாரே, ஆயுதம் தாங்கிய அனைவரின் உள்ளங்களிலும் இறையச்சமும் இரக்கமும் நிலைக்கவும், வேதசாட்சிகளின் குருதி தோய்ந்த எம் மண்ணில் இனி ஒருபோதும் அப்பாவிகளின் குருதி சிந்தப்படாதிருக்கவும் எமக்காக மன்றாடும். ஆமென்.