மௌன வசந்தம் தந்த மங்கை

செடியில் புழுவைக் கண்டால் உடனே மருந்து தெளிக்கிறோம். அந்த நஞ்சு புழுவோடு நின்றுவிடுகிறதா? இவ்வினாவை உலகின் முன் துணிந்து வைத்தவர் ரேச்சல் கார்சன் அம்மையார்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள் இவர் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். பறவைகளையும் மரங்களையும் நேசிக்கக் கற்றுத் தந்தவர் அன்னை மரியா. எழுத்தாளராக விரும்பிக் கல்லூரி சேர்ந்த ரேச்சல், உயிரியலில் மனம் பறிகொடுத்து, 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தை இறக்கவே குடும்பப் பாரத்தைச் சுமந்தார். அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றிக்கொண்டே கடலைப் பற்றி எழுதினார். 1951இல் வெளிவந்த நூல் அவருக்குப் பெரும் புகழ் தந்தது.

அக்காலத்தில் டி.டி.டி. முதலிய நஞ்சுகளை வயல்களிலும் காடுகளிலும் விமானம் மூலம் தெளித்தனர். மருந்து பட்ட இலைகள் உதிர்ந்தன. அவற்றை மண்புழுக்கள் தின்றன. மண்புழுக்களைத் தின்ற பறவைகள் மடிந்தன. பறவையின் பாட்டே கேட்காத வசந்தம் வந்துவிடுமோ என்று அஞ்சிய அம்மையார், 1962இல் 'மௌன வசந்தம்' என்னும் நூலை வெளியிட்டார்.

குறை கூறியதோடு அவர் நிற்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் வேறு வழியும் காட்டினார். அவற்றுள் ஒன்று பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா. மண்ணில் இயற்கையாகவே வாழும் இது, 1911இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் அறியப்பட்டது. இது உண்டாக்கும் நுண்ணிய புரதப் படிகம் இலையோடு புழுவின் குடலுக்குள் செல்கிறது. அங்குள்ள காரத்தன்மையில் கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, சில நாட்களில் மடிகிறது. மனிதருக்கோ பறவைக்கோ இதனால் தீங்கில்லை.

நூலை எழுதும்போதே புற்றுநோய் அவரை வாட்டியது. அதை ஊரறியச் சொல்லாமலே எழுதி முடித்தார். மருந்துத் தொழில் துறையினர் அவரை ஏளனம் செய்தனர். ஆனால் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் குழு 1963இல் அவர் எச்சரிக்கைக்கு வலுச் சேர்த்தது. அவ்வாண்டே நோயுற்ற உடலோடு செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56ஆம் வயதில் மறைந்தார்.

1972இல் அமெரிக்கா பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பதைத் தடை செய்தது. அவர் சுட்டிய பாக்டீரியாவை இன்று பல நாட்டு உழவர்கள் பயன்படுத்துகின்றனர். அதையும் அளவின்றிப் பயன்படுத்தினால் புழுக்கள் அதற்குப் பழகிவிடுகின்றன. எதையும் அறிந்து, அளவோடு செய்க என்பதே அம்மையாரின் வாழ்வு தரும் பாடம்.

தோழியரே, உண்மையைக் கண்டபின் அவர் வாய்மூடி இருக்கவில்லை. நாமும் அவ்வாறே கற்போம். கற்றதை அஞ்சாது உரைப்போம்!